ரிஜெக்ட் பதினாலு

மேனாம்பேட்டில் டில்லிபாபு வீடு எது என்று கேட்டால், எந்த டில்லிபாபு என்று திருப்பிக் கேட்பார்கள். செக்கிங் டில்லிபாபு என்றால் போதும், பால் பாக்கெட் போடுகிற ஆள்கூடக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிடுவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் வண்டிகளுக்கு இரும்பு பின் கடைந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடமாக அவனுக்கு அதுதான் வேலை. கடைந்து வந்த பின்னைக் கையில் எடுப்பான். அளவு பார்க்கும் கேஜில் நுழைப்பான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான். சரியாக இருந்தால் பச்சை டப்பா, மயிரிழை கூடக்குறைய இருந்தால் சிவப்பு டப்பா. சிவப்பு டப்பாவில் விழுந்ததை முதலாளியே வந்து கேட்டாலும் அவன் திருப்பித் தந்ததில்லை.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எஸ்டேட் வருவதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அவன் வீட்டு ஆட்கள் அடுத்தவர் சொன்ன வேலையைச் செய்து, கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு போனவர்கள். அப்பா நாகப்பன் யாரிடமாவது 'இது வேணாம்' என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. ஒரு பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து, 'சரியில்ல, எடுத்துக்கினு போ' என்று சொல்லும் அதிகாரம் அந்தப் பரம்பரையிலேயே முதன்முதலாக டில்லிபாபுவுக்குத்தான் வாய்த்தது. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. யாராக இருந்தாலும் ஒட்டியிருக்கும்.

ஆனால் மனிதன் அதைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டாமா? இவன் வீடு வரைக்கும் கொண்டுவந்தான். தட்டில் விழும் இட்லியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிட்டு வாயில் வைப்பான். மகள் காவ்யாவுக்கு வரன் பார்த்தபோது ஐந்து பேரைத் திருப்பி அனுப்பினான். ஆறாவதாக வந்த கிருபாகரனை ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பெனியில் நல்ல பீஸுக்கு அடையாளம் எதுவும் போடுவதில்லை. கெட்டதுக்குத்தான் சிவப்பு மார்க்கர். அதனால் 'நல்லாருக்கு' என்கிற வார்த்தை அவன் வாயில் வந்து பழகவே இல்லை. இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அனுசுயா அந்த வார்த்தையை அவனிடமிருந்து ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

அனுசுயா அவன் பெண்டாட்டி. எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள், முதுகுவலி வந்த பிறகு வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். டில்லிபாபுவுக்கு எஸ்டேட்டில் பெயர் என்றால் அவளுக்கு மேனாம்பேடு முழுக்கப் பெயர். எந்த வீட்டில் வளைகாப்பு நடந்தாலும் பத்திரிகை வைப்பதற்கு முன்னால் அவளைக் கேட்டுவிட்டுத்தான் நாள் குறிப்பார்கள். அவள் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தால் அந்த வீட்டு மாமியார், நாத்தனார், ஓரமாக நின்று கதை பேசுகிறவள் எல்லோரும் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள். யாரையும் விடமாட்டாள். கேலிக்கு ஆளானவளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒல்லியான உடம்புக்கு அப்படி ஒரு குரல். கடைசி அடியை இழுத்து நிறுத்தினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

காவ்யா முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி தை மாதக் கடைசியில் வந்தது. முகப்பேரில் இருந்து கிருபாகரன்தான் போன் பண்ணினான். ஏழாம் மாதம் ஆனியில் வளைகாப்பு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அன்று சாயங்காலமே அனுசுயா மிஷினில் உட்கார்ந்தபடி பாட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். மூன்று நாளில் பாட்டு தயார். அப்புறம்தான் ஒரு சிக்கல் தெரிந்தது. ஊரார் வளைகாப்பில் உட்கார்ந்து பாடலாம். சொந்த மகள் வளைகாப்பில் பெண்ணைப் பெற்றவள் உட்கார முடியுமா? வருகிறவர்களை வாங்க என்று கேட்க வேண்டும், ஏழு வகை சாதம் பரிமாற வேண்டும், வெற்றிலை பாக்கு பையை எண்ணி எடுக்க வேண்டும். தவிர சம்பந்தியம்மாளை நேருக்கு நேர் கேலி பண்ணினால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

"நேர்ல பாடுனா சண்டயா பூடும்யா. ஸ்பீக்கர்ல வந்தா சிரிச்சிக்கினு பூடுவாங்க. நீதான் மேல ரூம்ல ஊரானுக்கெல்லாம் ரெக்கார்டிங் பண்ணிக்கினு கீற. எனக்கு ஒரு தபா பண்ணிக் குடேன்" என்றாள் டில்லிபாபுவிடம்.

மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட எட்டுக்குப் பத்து அறை ஒன்று இருந்தது. டில்லிபாபு இளவட்டமாக இருந்தபோது கானா பாடுகிறவர்களுக்கு டோலக் வாசித்தவன். கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர்களை மாற்றியபோது கழித்துப் போட்டதில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, ஒரு மைக்கும் அதைக் கம்ப்யூட்டரில் சேர்க்கிற சின்னப் பெட்டியும் வாங்கிப் போட்டு, போனில் வீடியோ பார்த்தே ரெக்கார்டிங் கற்றுக்கொண்டான். ஜன்னலுக்கு மெத்தை, சுவருக்குப் பழைய போர்வை. அந்த ஏரியாவில் யாராவது செத்து வருடம் திரும்பினால், அவர் போட்டோவோடு போனில் அனுப்ப ஒரு நினைவுநாள் பாட்டு வேண்டும் என்று வருவார்கள். ஒரு டோலக், ஒரு குரல், அவ்வளவுதான் அந்தப் பாட்டு. அதை அவன் சுத்தமாகவே பண்ணிக் கொடுத்தான்.

பெண்டாட்டி பாட்டு என்றதும் அவனுக்கு ரோஷம் வந்தது. வெளியாள் பாட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைத்தான். அவனுக்கு அவள்மேல் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டோலக்கைத் தனியாக வாசித்துப் பதிந்தான். கஞ்சிராவைத் தனியாக, கைத்தட்டலைத் தனியாக, தகர டப்பாவைத் தனியாக. இருபத்திரண்டு அடுக்கு. இருபத்து மூன்றாவதாக அனுசுயாவின் குரல், அதன்மேல் கல்யாண மண்டபத்தில் பாடுவது போலக் கேட்க ஒரு எக்கோ. மாசி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை மைக் முன்னால் உட்காரவைத்தான். அவள் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மைக்குக்குப் பூ தெரியுமா என்று அவன் கேட்டான். எனக்குத் தெரியும் என்றாள்.

"வளையல் போட வந்தவங்களே வரிசையில நில்லுங்க,
வடை பாயசம் அப்பாலதான் வாழ்த்த மொதல்ல சொல்லுங்க,
சம்மந்திம்மா கைய நீட்டு சந்தனத்தப் பூசறேன்,
சக்கரப்பொங்கல் ஒளிச்சதெங்க சன்னமா நான் கேக்கறேன்..."

கேக்கறேன் என்று அவள் இழுத்து நிறுத்தினாள். ஹெட்போனில் அந்த இழுப்பின் நடுவே, சூடான எண்ணெயில் ஈரக் கடுகு விழுந்த மாதிரி படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. டில்லிபாபு கையைத் தூக்கினான்.

"நிறுத்து. கரகரன்னு வருது."

திரும்பப் போட்டுக் கேட்டான். அதே கரகரப்பு. அந்தப் பதிவுக்கு 'ரிஜெக்ட் 1' என்று பெயர் வைத்தான்.

அதற்கப்புறம் அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஃபேன் சத்தமாக இருக்கும் என்று ஃபேனை நிறுத்தினான். சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில், மாசி வெயிலில், ஃபேன் இல்லாமல் அவள் பாடினாள். கரகரப்பு. கீழே ஃபிரிட்ஜை நிறுத்தினான், மாவு புளித்துப் பொங்கியது. கரகரப்பு. மைக் வயரை மாற்றினான். பெட்டியைக் கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் சொருகியிருந்ததைப் பின்பக்கம் சொருகினான். வளையல் சத்தம் என்று அவள் கையில் இருந்த கண்ணாடி வளையலைக் கழற்றச் சொன்னான். தாலிக்கொடியில் காசு உரசுகிறது என்றான், அதை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். கரண்டில் கோளாறு என்று எலக்ட்ரீஷியன் வேம்புலியைக் கூப்பிட்டுக் கொல்லையில் ஆள் உயரப் பள்ளம் தோண்டி, உப்பும் கரியும் கொட்டிப் புதிதாக எர்த் பைப் இறக்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த எர்த் பைப் மேல் இருந்த நம்பிக்கையில் அவள் ஏழாவது தடவையாகப் பாடினாள். ரிஜெக்ட் 7.

மிஷினில் கோளாறா, பொருளில் கோளாறா என்று சந்தேகம் வந்தால் பொருளை மாற்றிப் போட்டுப் பார் என்பது கம்பெனி வழக்கம். டில்லிபாபு அதையும் செய்தான். அனுசுயாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே மைக் முன் உட்கார்ந்தான். அவள் பாட்டை மூடிவிட்டு, புதிதாக ஒரு காலிப் பதிவைத் திறந்தான். "ஹலோ ஹலோ, ஒன்னு ரெண்டு மூணு" என்றான். வராத ராகத்தில் இரண்டு வரி பாடவும் செய்தான். திருப்பிப் போட்டுக் கேட்டான். தண்ணீர் மாதிரி சுத்தமாக இருந்தது. மறுபடி அவளை உட்காரவைத்து அவள் பாட்டைத் திறந்தான். இழுப்பு வந்த இடத்தில் கரகரவென்று கேட்டது.

அதே மைக், அதே வயர், அதே கம்ப்யூட்டர். ஆள் மட்டும்தான் வேறு. டில்லிபாபு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் கழுத்தைப் பார்த்தான்.

பார்த்ததற்குக் காரணம் உண்டு. பொங்கலுக்கு முன்னால் அவள் தொண்டையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, கெட்ட கட்டி இல்லை, பயப்பட வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். விழுங்கச் சிரமமாக இருந்தாலோ குரல் மாறினாலோ உடனே வர வேண்டும் என்று டாக்டரம்மா சீட்டில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

"அனுசு, கம்ப்யூட்டர்ல ஒன்னும் இல்ல. ஒன் தொண்டையில கீது" என்றான்.

"எனக்கு ஒன்னும் தெரிலயேயா. எப்பவும் பாடற மாதிரிதான பாடறேன்."

"ஒனக்கு எப்டி தெரியும்? இந்தா, நீயே கேளு."

ஹெட்போனை அவள் தலையில் மாட்டினான். அதுவரைக்கும் அவள் தன் குரலை அதில் கேட்டதில்லை. அவன்தான் கேட்பான், அவன்தான் முடிவு சொல்வான். இப்போது அவள் கேட்டாள். தன் வாயில் இருந்து வந்த பாட்டு, அதன் நடுவே எதுவோ கிழிகிற சத்தம். இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை போடப் போனவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என் தொண்டையா?" என்று கேட்டாள். கண்ணில் இருந்து தண்ணீர் இறங்கி ஹெட்போன் பஞ்சில் ஊறியது. நாற்பத்தாறு வருடமாகத் தனக்கே தெரிந்த குரலை அந்த நிமிடத்தில் அவள் நம்பாமல் போனாள். புருஷன் காதை நம்பினாள். எனக்கு இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படியும் அவள் விடவில்லை. மிளகு ரசம் குடித்தாள், அதிமதுரம் மென்றாள், இரண்டு வாரம் யாரோடும் அதிகம் பேசாமல் குரலுக்கு ஓய்வு கொடுத்தாள். பங்குனியில் இன்னும் ஏழு தடவை பாடினாள். பதினாலாவது தடவை பாடும்போது கேக்கறேன் என்ற இழுப்பு வருவதற்கு முன்பே அவள் கண் அவன் கையைத்தான் பார்த்தது. கை உயர்ந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டு, குரல் நாண் இரண்டும் நன்றாகத்தான் அசைகிறது என்றார்.

"பேசுறப்ப எனக்கு மாற்றம் ஒண்ணும் தெரியலை. ஆனா பாடுறவங்களுக்குத்தான் சின்ன மாற்றம்கூட முதல்ல தெரியும். கட்டி நரம்பை லேசா உரசுதோ என்னவோ. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம், இல்லைன்னா எடுத்துடலாம். எடுக்கிறதுல ஒரு ஆபத்து இருக்கு. சில பேருக்குக் குரல் நரம்பு பாதிக்கும். ரொம்பச் சில பேருக்குத்தான். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

அனுசுயா புருஷன் முகத்தைப் பார்த்தாள். யோசிக்க அவனுக்கு நேரம் தேவைப்படவில்லை. சந்தேகம் வந்தால் சிவப்பு டப்பாதான், இருபத்தாறு வருடமாக அதுதான்.

"கொரல் மாறிப்போச்சும்மா. நானே பதினாலு தபா கேட்டுட்டேன். வளைகாப்புக்கு முன்ன எடுத்துடுங்க" என்றான்.

சித்திரை பிறந்து பத்தாம் நாள் ஆபரேஷன் நடந்தது. அந்தச் சில பேரில் அனுசுயாவும் ஒருத்தியாகிப் போனாள். மயக்கம் தெளிந்து, தண்ணீர் என்று அவள் கேட்டது பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. காற்று மட்டும் வந்தது. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றார்கள். பயிற்சி கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் திரும்பலாம், பழைய மாதிரி வரும் என்று சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா கடைசியில் சொல்லிவிட்டார். வைகாசி போயிற்று. வாசலில் நின்று கீரைக்காரியைக் கூப்பிட முடியாமல் அனுசுயா கையைத் தட்டிக் கூப்பிட்டாள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அவள் வாய் கிட்டே காதைக் கொண்டுபோனார்கள். வளைகாப்புக்குக் கூப்பிடுவது நின்றது. டில்லிபாபு மாடி அறையைப் பூட்டி, சாவியை மின் மீட்டர் பெட்டிக்குள் போட்டுவிட்டான். நல்ல வேளை முன்னாடியே எடுத்தோம், இல்லாவிட்டால் குரல் மொத்தமாகவே போயிருக்கும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவனும் தூங்கினான்.

ஆனி மாதம் வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் காவ்யா வயிற்றைத் தள்ளிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்ததும் அவள் கேட்டது அம்மா பாட்டைத்தான்.

"கரகரப்பா கீதுன்னா இருக்கட்டும்பா. அம்மா கொரல் வேணும் எனக்கு. சினிமா பாட்டெல்லாம் போடக்கூடாது."

டில்லிபாபு முடியாது என்றான். குறையுள்ள பீஸ் வாசலைத் தாண்டக்கூடாது என்றான். இந்தத் தடவை மகளோடு மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டான். கிருபாகரன் முகப்பேரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன். கரகரப்பைக் கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா என்று பார்க்கிறேன் மாமா என்று சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போனான். டில்லிபாபுவும் பின்னாலேயே ஏறினான்.

கிருபாகரன் பாட்டைத் திறந்து ஸ்பீக்கரில் போட்டான். இழுப்பு வந்தது, கூடவே கரகரப்பும் வந்தது. அவன் கம்ப்யூட்டர் திரையில் எங்கேயோ போய் ஒரு செட்டிங்கைத் திறந்து பார்த்தான். சிரித்துவிட்டான்.

"இன்னா மாமா, பஃபர் அறுபத்தி நாலுல கீது. இத்தினி டிராக்குக்கு எப்டி தாங்கும்?"

"அப்டின்னா?"

"கம்ப்யூட்டர் சத்தத்த அனுப்பறது, லாரித் தண்ணிய டம்ளர்ல மொண்டு மொண்டு டிரம்ல ஊத்தற மாதிரி. வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம நடுநடுவுல விட்டுடும். அந்த விட்ட எடந்தான் கரகரன்னு கேக்குது. டம்ளர வச்சிட்டு கொடத்துல மொள்ளச் சொன்னா போதும்."

அறுபத்து நாலு என்று இருந்த இடத்தில் ஆயிரத்து இருபத்து நாலு என்று மாற்றினான். மறுபடி போட்டான். கேக்கறேன் என்று அனுசுயா இழுத்தாள். அந்த இழுப்பு எட்டுக்குப் பத்து அறையை நிறைத்து, கதவைத் தாண்டி, மொட்டை மாடிக்குப் போயிற்று. ஒரு துளி கரகரப்பு இல்லை.

டில்லிபாபு மைக்கைக் காட்டினான். "நான் பேசிப் பாத்தேனே. சுத்தமா இருந்துச்சே" என்றான்.

"காலியா தொறந்து பேசியிருப்பீங்க. ஒத்த டிராக்குல அதுக்கு இன்னா வேல கீது? சும்மா குந்திக்கினு இருக்கும். அத்தே பாட்டத் தொறந்தா இருபத்திமூணையும் தூக்கணும், எக்கோ வேற. அவங்க வாயத் தொறந்தாதான் அந்த எக்கோவும் முழிச்சிக்கும். அதான் அவங்க இழுக்கறப்ப மட்டும் வந்துகீது. உள்ள பதிஞ்சதெல்லாம் சுத்தமாத்தான் கீது மாமா. வெளிய வரப்பதான் தடுக்கிக்கிது. ஒரு தபா போன்ல ஏத்திக் கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அவன் ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆபரேஷன் கட்டிக்காக என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

பரிசோதனைக்குப் புதிதாகச் சேருகிற ஆட்களுக்கு டில்லிபாபு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. அடுத்தடுத்துப் பத்துப் பீஸ் ரிஜெக்ட் ஆனால் பீஸைத் திட்டாதே, கையில் இருக்கிற கேஜைச் சந்தேகப்படு, எடுத்துக்கொண்டு போய்ச் சரிபார். இருபத்தாறு வருடமாக அதைச் சொல்லிக் கொடுத்த வாய், பதினாலு தடவை பெண்டாட்டி தொண்டையைத்தான் குறை சொன்னது. மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன் என்று ஆளையும் மாற்றி, பாட்டையும் சேர்த்து மாற்றியவன், ஆள்தான் கோளாறு என்று தீர்ப்பு எழுதினான். கம்பெனியில் வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே அவனை வாசலில் நிறுத்தியிருப்பான்.

"ரெண்டாவதப் போடு" என்றான்.

ரிஜெக்ட் 2 சுத்தமாக இருந்தது. ரிஜெக்ட் 3 சுத்தம். நாலு, ஐந்து, ஆறு. போடு, போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒன்றிலாவது கரகரப்பு இருக்க வேண்டும், ஒரே ஒரு இடத்திலாவது அவள் தொண்டை பிசகியிருக்க வேண்டும் என்று மனசுக்குள் தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறை கிடைக்க வேண்டும் என்று ஏங்கிய செக்கிங் டில்லிபாபுவுக்கு அது கிடைக்கவில்லை. பதினாலும் நல்ல பீஸ். பதினாலாவது எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது.

பாட்டு நின்றதும் திரும்பினான். அனுசுயா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் புளி கரைத்த ஈரம் இருந்தது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அத்தே, கேட்டீங்களா? ஒங்க கொரல்ல ஒன்னுமே இல்ல. எல்லாம் கம்ப்யூட்டர் பண்ண வேல" என்றான் கிருபாகரன்.

அவள் விரலைச் சுற்றிக் காட்டினாள். இன்னொரு தடவை போடு என்று அர்த்தம். போட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள். முடிந்ததும் கீழே இறங்கிப் போய்ப் புளிக்கரைசலை வடிகட்டினாள். அன்றைக்கும் அடுத்த நாளும் டில்லிபாபு அவள் போகிற இடமெல்லாம் பின்னால் போனான். அவள் அரிசி களைந்தாள், வளையல்களை நிறம் பிரித்தாள், தாம்பாளம் தேய்த்தாள். அவனைத் தாண்டிப் போக வேண்டியிருந்தபோது சுவரைத் தாண்டுவது போலத் தாண்டினாள்.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. காவ்யா இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வளையலோடு உட்கார்ந்திருக்க, கிருபாகரன் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டான். சம்பந்தியம்மாள் முதலில் திகைத்தாள், அப்புறம் சக்கரப்பொங்கல் என்று வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேனாம்பேட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். அனுசுயா கொரல் திரும்பிடுச்சா என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள், இது பழசு என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். காவ்யா அழுதாள். பெண்ணைப் பெற்றவள் மட்டும் உட்காராமல் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் மாற்றி மாற்றிப் பரிமாறிக்கொண்டிருந்தாள். பாட்டில் இழுப்பு வந்த இடத்தில் கரண்டி ஒரு நிமிடம் நின்றது. டில்லிபாபு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்தேழு வருடமாகச் சொல்லாத அந்த ஒரு வார்த்தை அவன் வாய் வரைக்கும் வந்தது. இப்போது அதை எந்தக் குரலுக்குச் சொல்வது?

சாயங்காலம் வந்தவர்கள் போனார்கள். மகளைச் சம்பந்தி வீட்டார் உள்ளே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொல்லையில் பாத்திரங்களுக்கு நடுவே அனுசுயா தனியாக நிற்பதைப் பார்த்து அவன் கிட்டே போனான்.

"திட்டிடு அனுசு. ஊரே கேக்கறா மாதிரி நாலு வார்த்த திட்டிடு. அடிச்சாலும் பட்டுக்கறேன்" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. தழும்பு சிவந்தது. அடிவயிற்றில் இருந்து மொத்தப் பலத்தையும் கூட்டி வாயைத் திறந்தாள். கத்த வேண்டும் என்றுதான் திறந்தாள், அவனுக்கே அது தெரிந்தது. காற்றுதான் வந்தது. உள்ளே ஸ்பீக்கரில் யாரோ மறுபடியும் அவள் பாட்டைப் போட்டிருந்தார்கள்.

"இன்னா சொன்ன? கேக்கல" என்றான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கவில்லை.

அவள் ஈரக்கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் காதைத் தன் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள்.

"என் தொண்டைய அறுக்கறதுக்கு முன்ன ஒன் காத டாக்டர் கைல காட்டியிருக்கலாம்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவள் மூன்று தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.